தீவு நரி குறையும்போது முதலில் எங்கே பார்ப்பது?

கலிபோர்னியாவின் தென்கரைக்கு எதிரே கடலில் கிடக்கும் சானல் தீவுகளுக்குப் போய்வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். பட்டப்பகலில் ஒரு நரி கூடாரத்தின் வாசலுக்கே வந்து நின்றது, மனிதரைக் கண்டு ஓடவில்லை, அதற்கு வெறிநோய் பிடித்திருக்குமோ என்பது ஒன்று. ஒரு நரியினத்தைக் காப்பாற்ற ஐயாயிரம் பன்றிகளைக் கொன்றார்களே, இது நியாயமா என்பது மற்றொன்று. முதல் கேள்வியில் அச்சமும் இரண்டாவதில் கோபமும் இருக்கின்றன. அந்தத் தீவுகளில் 1990களில் நடந்ததைத் தெரிந்துகொண்டால் இரண்டுமே தணியும். அங்கே போகும்போது என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதும் விளங்கும்.

தீவு நரி வீட்டுப் பூனை அளவே இருக்கும். மூன்று கிலோவுக்கு அப்பால் எடை போடுவதே அபூர்வம். அமெரிக்கப் பெருநிலத்தில் வாழும் சாம்பல் நரியின் வழிவந்த இது, பல்லாயிரம் ஆண்டுகள் தீவிலேயே வாழ்ந்து உருவத்தில் சிறுத்துவிட்டது. சான் மிகேல், சாண்டா ரோசா, சாண்டா குரூஸ், சாண்டா கேட்டலீனா, சான் நிக்கோலஸ், சான் கிளமென்டி ஆகிய ஆறு தீவுகளில் மட்டுமே இது உண்டு. உலகில் வேறெங்கும் காட்டில் கிடையாது. ஒவ்வொரு தீவிலும் இருப்பது தனித் துணையினம் (ஒரே இனத்துக்குள் இடத்தால் பிரிந்து, தனி அடையாளம் பெற்ற பிரிவு). சுண்டெலி, வெட்டுக்கிளி, பறவை முட்டை, கள்ளிப்பழம், புதர்க்கனி என்று கிடைப்பதையெல்லாம் தின்னும். இந்தத் தீவுகளில் தரையில் இதைவிடப் பெரிய ஊனுண்ணி கிடையாது. வேட்டையாட யாரும் இல்லாத இடத்தில் ஒளிந்து வாழும் பழக்கம் தேவைப்படவில்லை. பகலில் நடமாடுவதும் அருகே வந்து பார்ப்பதும் இதன் பிறவிக் குணம். உங்கள் கூடாரத்துக்கு வந்த நரி நல்ல உடல்நலத்தோடு இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

அந்தப் பயமின்மைதான் 1990களில் அதற்கு எமனாக வந்தது. சான் மிகேலில் ஏறத்தாழ 450 நரிகள் இருந்தன; 1999இல் 15 மட்டுமே மிஞ்சின. ஆயிரத்துக்கு மேல் இருந்த சாண்டா ரோசாவிலும் 2000ஆம் ஆண்டு வாக்கில் அதே 15தான். சாண்டா குரூஸில் ஆயிரத்து நானூறு சொச்சம் என்று இருந்தது நூற்றுக்கும் கீழே போனது. ஐந்தாறு ஆண்டுகளுக்குள் மூன்று துணையினங்கள் அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டன.

இப்படி ஒரு வீழ்ச்சியைக் கண்டதும் நோய்தான் என்று எவருக்கும் தோன்றும். ஆய்வாளர்களுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. விடையைக் கொடுத்தது ரேடியோ காலர் (இருக்கும் இடத்தையும், வெகுநேரம் அசைவில்லாமல் கிடப்பதையும் அலைக்குறியால் தெரிவிக்கும் கழுத்துப்பட்டை). கேரி ரோமர் என்ற உயிரியலாளரும் அவருடைய குழுவினரும் சாண்டா குரூஸில் நரிகளுக்குப் பட்டை மாட்டி, இறந்தவற்றை உடனுக்குடன் தேடி எடுத்தார்கள். பல உடல்களில் நோயின் தடயமே இல்லை. கழுகின் நகம் பதிந்த காயங்கள் இருந்தன. கொன்றது பொன்னிறக் கழுகு. ஆனால் அந்தக் கழுகு முன்பு இந்தத் தீவுகளில் கூடு கட்டிய பறவையே அல்ல. அப்படியானால் அது ஏன் வந்தது, ஏன் அப்போது வந்தது?

இங்கேதான் பொறுமை வேண்டும். காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பல பத்தாண்டுகள் பின்னோக்கிப் போகின்றன. இந்தக் கடற்கரையில் முன்பு வெண்தலைக் கழுகுகள் கூடு கட்டின. அவற்றின் முக்கிய உணவு மீனும் கடற்பறவையும்; நரியை அவை பொருட்படுத்துவதில்லை. தம் எல்லைக்குள் வேறு பெருங்கழுகு வருவதையும் எளிதில் விடுவதில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியின் தொழிற்சாலைக் கழிவோடு டிடிடி பூச்சிமருந்து பெருமளவில் கடலில் கலந்தது. மீன் வழியாக அது கழுகின் உடலில் ஏறியது. முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே நொறுங்கியது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைத் தாண்டுவதற்குள் வெண்தலைக் கழுகு இந்தத் தீவுகளிலிருந்து மறைந்துவிட்டது. வானம் காவலின்றிக் கிடந்தது.

கீழே நிலமும் மாறிப்போயிருந்தது. பண்ணை வைத்திருந்தவர்கள் கொண்டுவந்த ஆடுகள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் மேய்ந்து புதர்களை அழித்தன. நரி பதுங்கும் மறைவிடம் குறைந்தது. சாண்டா குரூஸில் கட்டவிழ்ந்து காட்டில் பெருகிய வளர்ப்புப் பன்றிகள் ஆண்டு முழுவதும் குட்டி போட்டன. அந்தக் குட்டிகள் பொன்னிறக் கழுகுக்கு வற்றாத உணவு. சாண்டா ரோசாவில் வேட்டைக்காகக் கொண்டுவந்து விடப்பட்ட மான்களும் எல்க் என்ற பெருமான்களும் அதே உதவியைச் செய்தன. பன்றி இல்லாவிட்டால் நரியை மட்டும் நம்பி ஒரு கழுகுக் குடும்பம் அங்கே நிலைத்திருக்க முடியாது. பன்றிக்குட்டியைத் தின்று வாழ்ந்த கழுகு, வழியில் எதிர்ப்பட்ட நரியையும் அடித்தது. பன்றி வேகமாகப் பெருகுவதால் இழப்பைத் தாங்கியது. ஆண்டுக்கு ஒரே ஒரு முறை, இரண்டு மூன்று குட்டி மட்டும் ஈனும் நரியால் தாங்க முடியவில்லை. துறையில் இதற்கு மிகைவேட்டை என்று பெயர் (ஏராளமான ஓர் இரையால் நிலைபெறும் வேட்டையாடி, பக்கத்திலுள்ள அரிய இரையைத் துடைத்தெடுப்பது).

காரணம் தெரிந்ததும், பன்றிகளை ஒழித்துவிட்டால் கழுகு தானாகப் போய்விடும் என்று பலர் நினைத்தார்கள். அது பெரும் அழிவில் முடிந்திருக்கும். பன்றி திடீரென்று தீர்ந்தால், ஏற்கெனவே அங்கே இருக்கும் கழுகு மிச்சமிருக்கும் நரிகள் மீது முழுப் பசியோடு திரும்பும். பன்றியை மட்டும் அகற்றினால் நரி இன்னும் விரைவாக அழியக்கூடும் என்று அன்றைய கணித மாதிரிகளும் காட்டின. ஒரு தீவின் சிகிச்சையில் என்ன செய்கிறோம் என்பதைப் போலவே எந்த வரிசையில் செய்கிறோம் என்பதும் உயிர் காக்கும் விஷயம். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. உலகின் பல தீவுகளில் நல்ல மருந்தைத் தவறான வரிசையில் கொடுத்துத்தான் கேடு விளைந்திருக்கிறது.

இந்தத் தீவுகளில் வரிசையைச் சரியாக வகுத்தார்கள். தேசியப் பூங்கா அதிகாரிகள் மிஞ்சிய நரிகளை முதலில் பிடித்துக் கூண்டுகளில் பாதுகாத்தார்கள். 1999இல் சான் மிகேலில் தொடங்கி மற்ற இரு தீவுகளுக்கும் இது விரிந்தது. அதே ஆண்டிலிருந்து பொன்னிறக் கழுகுகளைப் பிடிக்கும் வேலையும் நடந்தது. அந்தக் கழுகும் சட்டப் பாதுகாப்புப் பெற்றது என்பதால் கொல்லவில்லை. 2006 வரை நாற்பதுக்கும் மேற்பட்டவற்றை உயிருடன் பிடித்து, பெருநிலத்தில் வடகலிபோர்னியாவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். 2002 முதல் வெண்தலைக் கழுகுக் குஞ்சுகளைக் கொண்டுவந்து சாண்டா குரூஸில் வளர்த்துப் பறக்கவிட்டார்கள். 2006இல், ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக, அங்கே ஒரு வெண்தலைக் கழுகுக் குஞ்சு மனித உதவியின்றிக் கூட்டில் பொரித்தது.

பன்றிகளின் முறை அதற்குப் பிறகுதான் வந்தது. சாண்டா குரூஸை வேலிகளால் பகுதி பகுதியாகப் பிரித்து, 2005இலும் 2006இலும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைச் சுட்டுக் கொன்றார்கள். எதிர்த்து வழக்குகளும் நடந்தன. இதில் என் கருத்தை ஒளிக்கவில்லை: செய்தது சரி. பன்றிகள் எந்தக் குற்றமும் செய்யவில்லை என்பதும் உண்மை. அவற்றைத் தீவில் கொண்டுவந்து விட்டவர்கள் மனிதர்கள். இடமாற்றுவது எளிதான வழியாகத் தோன்றலாம். ஆனால் ஆயிரக்கணக்கில் கட்டவிழ்ந்த பன்றிகளை நோயோடு பெருநிலத்துக்கு ஏற்றுவது வேறோர் இடத்தில் அதே கேட்டைத் தொடங்கிவைப்பதாகும். பாதி ஒழித்து நிறுத்தினால் சில ஆண்டுகளில் மறுபடியும் பெருகும். அதே கொலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிவரும். ஒரே முறையில் முழுமையாக முடித்ததுதான் இரக்கமான வழியும்கூட.

கூண்டில் வளர்ப்பதும் கேட்பதற்கு எளிது. நரிகள் இணையோடு ஒட்டி வாழ்பவை; மனிதர் சேர்த்துவைத்த இணைகள் எல்லாம் ஒத்துப்போகவில்லை, சில கடித்துக்கொண்டன. முதலில் விடுவித்தவற்றில் சிலவற்றைக் கழுகு அடித்துவிட்டது. மீதியைத் திரும்பப் பிடித்துக் கூண்டில் சேர்க்க நேர்ந்தது. கழுகுகள் குறைந்த பிறகு விட்டவை பிழைத்துப் பெருகின. 2008இல் கூண்டுகள் காலியாயின. 2004இல் அருகிவரும் இனமாக அறிவிக்கப்பட்ட மூன்று வடதீவு நரிகளும் 2016இல் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அமெரிக்கச் சட்டத்தின் கீழ் இத்தனை விரைவாக மீண்ட பாலூட்டி வேறில்லை.

கேட்டலீனாவின் கதை வேறு. அங்கே கழுகு காரணமல்ல. 1998–99 வாக்கில் டிஸ்டெம்பர் (நாய்களிடையே பரவி, நுரையீரலையும் குடலையும் நரம்பையும் தாக்கும் வைரஸ் நோய்) தீவின் கிழக்குப் பகுதியைத் துடைத்தெடுத்தது. ஏறத்தாழ 1,300 நரிகளில் நூறு போல மிஞ்சின. தீவின் ஓரிடம் இடுப்புபோல ஒடுங்கி, ஒரு சிறு ஊரும் சாலையும் குறுக்கே இருப்பதால் மேற்கு முனை நரிகள் பெரும்பாலும் தப்பின. நோய் படகில் ஒளிந்து வந்த ஒரு ரக்கூனிடமிருந்தோ யாரோ கூட்டிவந்த நாயிடமிருந்தோ வந்திருக்க வேண்டும். இந்த நோய் பெரிய விலங்கையும் விடாது. 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் இறந்ததிலும் இதே வைரஸ் கண்டறியப்பட்டது.

இங்கே சிகிச்சை தடுப்பூசி. அதிலும் ஒரு கவனம் தேவைப்பட்டது. வீட்டு நாய்க்குப் போடும் சில தடுப்பூசிகளில் வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ் இருக்கும். நாய்க்கு அது பாதுகாப்பானது. ஆனால் கருங்கால் ஃபெரட் போன்ற சில காட்டு ஊனுண்ணிகளுக்கு அதே ஊசி நோயைக் கொடுத்துக் கொன்றிருக்கிறது. ஆகவே கேட்டலீனாவில், நோய் வைரஸ் முழுமையாக இல்லாமல் அதன் ஒரு கூறை மட்டும் வேறொரு தீங்கற்ற வைரஸில் ஏற்றித் தயாரித்த ஊசியைப் பயன்படுத்தினார்கள். நல்லெண்ணத்தோடு நாய் ஊசியை வாங்கிக் காட்டு விலங்குக்குப் போட நினைப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

இன்று தீவுகளில் எல்லா நரிகளுக்கும் ஊசி போடுவதில்லை. ஒரு பகுதிக்கு மட்டும் டிஸ்டெம்பருக்கும் வெறிநோய்க்கும் ஊசி போட்டு, ஒரு தொற்று வந்தாலும் இனம் மறுபடி தழைக்கப் போதுமான அடிப்படை எண்ணிக்கையைக் காக்கிறார்கள். ஊசி போடாத சிலவற்றுக்கு ரேடியோ காலர் மாட்டியிருக்கும். தொற்று நுழைந்தால் முதலில் விழுவது அவைதான். உடலை உடனே எடுத்துப் பரிசோதித்தால் காரணம் சில நாட்களில் தெரிந்துவிடும். 1990களில் காரணம் தெரிவதற்குப் பல ஆண்டுகள் ஆனது. அந்தத் தாமதத்தின் விலைதான் 450க்கு 15.

நீங்கள் தீவில் இருக்கும்போது கவனிக்க வேண்டிய அறிகுறிகளுக்கு வருகிறேன். பகலில் நடப்பது, அருகே வருவது, குட்டி தனியாக இருப்பது மூன்றும் நோயின் அடையாளமல்ல. வசந்தத்தில் பிறக்கும் குட்டிகள் கோடையில் தனியே சுற்றத் தொடங்கும். தாய் அருகிலேயே இருக்கும். அநாதை என்று நினைத்துத் தூக்கினால் நீங்கள்தான் அதை அநாதையாக்குகிறீர்கள். தள்ளாடும் நடை, தலை ஒரு பக்கம் சாய்ந்திருப்பது, கண்ணிலும் மூக்கிலும் சளி, வலிப்பு, தசைத் துடிப்பு, எலும்பு தெரியும் மெலிவு ஆகியவை கவலைக்குரியவை. கேட்டலீனாவில் இன்னொன்றும் உண்டு. காது உண்ணி (காதுக்குள் வாழும் நுண்ணிய ஒட்டுண்ணி) ஏற்படுத்தும் தீராத அழற்சியால் அங்கே முதிர்ந்த நரிகளில் ஏறத்தாழ பாதிக்குக் காதுச் சுரப்பியில் கட்டி இருந்தது. உண்ணி மருந்து கொடுத்த பிறகு உண்ணியும் திசு வீக்கமும் தெளிவாகக் குறைந்தன. ஓயாமல் காதைச் சொறியும் நரியைக் கண்டால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

குறித்துக்கொள்வதுதான் உங்கள் வேலை. இடம், நேரம், நரி எப்படி நடந்தது, கழுத்தில் பட்டை இருந்ததா என்று எழுதிக்கொண்டு, தூரத்திலிருந்து ஒரு படமோ சிறு வீடியோவோ எடுத்து, பூங்கா ஊழியரிடமோ கேட்டலீனாவில் தீவுப் பாதுகாப்பு அமைப்பிடமோ சொல்லுங்கள். இறந்த நரியைத் தொட வேண்டாம், புதைக்கவும் வேண்டாம். அந்த உடல் பரிசோதனைக்குத் தேவை. நோயுற்றதைத் துண்டில் சுற்றி எடுத்துவருவது அதற்கும் உங்களுக்கும் ஆபத்து. கடித்துவிட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

குறுக்குவழிகள் சிலவற்றையும் சொல்லியாக வேண்டும். மெலிந்திருக்கிறது என்று உணவு போடுவது மிகப் பரவலான தவறு. பிஸ்கட்டுக்குப் பழகிய நரி சாலையோரம் காத்திருக்கும். கேட்டலீனாவில் மனிதரால் நேரும் நரி மரணங்களில் வண்டி மோதுவது முன்னணியில் நிற்கிறது. எலி விஷம் வைப்பது இன்னொன்று: விஷம் தின்ற எலியைத் தின்னும் நரிக்கும் அது போய்ச் சேரும். ஒரு தீவில் குறைந்தால் பக்கத்துத் தீவிலிருந்து பிடித்துவந்து விடலாமே என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு துணையினமும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தனித்து வந்தது. புது நரியோடு புது ஒட்டுண்ணியும் வைரஸும் வரலாம். சான் நிக்கோலஸ் நரியின் மரபணுவில் வேறுபாடே ஏறக்குறைய இல்லை என்று 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. அதற்கும் கலப்புதான் உடனடி மருந்து என்று சொல்லிவிட முடியாது. பல ஆண்டுகள் ஆராய்ந்து எடுக்க வேண்டிய முடிவு அது.

இந்தத் தீவில் பலித்த வைத்தியத்தை வேறு தீவுக்கு அப்படியே எடுத்துப்போவதும் தவறுதான். அலாஸ்காவை ஒட்டிய அலூசியத் தீவுகளில் நரி கெடுதி செய்யும் விலங்கு. மென்மயிர்த்தோல் வியாபாரிகள் பதினெட்டாம் நூற்றாண்டு தொட்டு நூற்றுக்கணக்கான தீவுகளில் ஆர்க்டிக் நரியையும் செந்நரியையும் விட்டார்கள். தரையில் கூடு கட்டும் கடற்பறவைகளை அவை தின்று தீர்த்தன. பறவை எச்சம் இல்லாமல் மண்ணின் வளமே குன்றி, புல்வெளி குட்டைப் புதர் நிலமாக மாறியது. அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட அலூசிய வாத்து 1962இல் புல்டிர் என்ற, நரியே விடப்படாத தீவில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. பல தீவுகளில் நரிகளை அகற்றிய பிறகு அது பெருகி 2001இல் ஆபத்துப் பட்டியலிலிருந்து வெளியேறியது. அங்கே நரியைக் காப்பாற்றுங்கள் என்று கையெழுத்து வாங்குவது அந்த வாத்துக்கு எதிராகக் கையெழுத்துப் போடுவதாகும். எது அந்தத் தீவுக்கு உரியது, எது மனிதர் கொண்டுவந்தது என்பதை முதலில் கேளுங்கள்.

சாண்டா குரூஸுக்கோ சாண்டா ரோசாவுக்கோ முகாமுக்குப் புறப்படுபவர்களுக்கு: நாயை அழைத்துச் செல்ல அனுமதி இல்லை, படகிலிருந்து சற்று நேரம் கரையில் இறக்கி விடுவதற்கும் இல்லை. தொட்டிச் செடி, மண், அட்டைப்பெட்டி, மரக்கட்டை ஆகியவற்றுக்கும் தடை. எறும்பும் விதையும் பூச்சியும் இவற்றில்தான் பயணம் செய்கின்றன. முந்தைய நாளே காலணியின் அடிப்பாகத்தைத் தேய்த்துக் கழுவி, கூடாரத்தை உதறிக் காயவையுங்கள். முகாமில் உள்ள மூடுபெட்டிக்குள் உணவும் குப்பையும் பற்பசையும் போய்ச் சேர வேண்டும். பையின் ஜிப்பை அங்குள்ள அண்டங்காக்கைகளே திறந்துவிடும். அவை திறந்துபோட்டதை நரி தின்னும்.

நாய்க்கு அனுமதி உள்ள கேட்டலீனாவுக்குப் போவோர், புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே டிஸ்டெம்பர், வெறிநோய் ஊசிகள் முழுத் தவணையும் முடிந்திருக்கின்றனவா என்று கால்நடை மருத்துவரிடம் சரிபாருங்கள். முந்தைய நாள் போட்ட ஊசி பயன் தராது. உடலில் எதிர்ப்பு உருவாகக் காலம் பிடிக்கும். இருமலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் நாயை வீட்டில் விட்டுவிடுங்கள். தீவில் எப்போதும் வார் பிடித்தே நடத்துங்கள். அதன் கழிவை எடுத்துவிடுங்கள்.

சொந்தப் படகு வைத்திருப்பவர்கள் துறைமுகத்தை விட்டு நகரும் முன் தார்ப்பாய்க்கு அடியிலும், கயிற்றுச் சுருளுக்குள்ளும், இருக்கைப் பெட்டிக்குள்ளும் விளக்கடித்துப் பாருங்கள். எலியோ ரக்கூனோ பூனையோ பதுங்கியிருந்தால் அங்கேயே துறைமுக ஊழியரைக் கூப்பிடுங்கள். நடுக்கடலில் கண்டுபிடித்தால், பதற்றத்தில் கடலில் தள்ளிவிட வேண்டாம். கரை பக்கமாக இருந்தால் அது தீவுக்கே நீந்திப் போய்விடும். அறைக் கதவைச் சாத்தி அதை உள்ளே அடைத்துவிட்டு, தீவில் நங்கூரமிடாமல் படகைப் பெருநிலத்துக்கே திருப்புங்கள்.